ஆறாவதாக ஒருத்தி

அஸ்தினாபுரம்
9 ஜூன் 2024

தீபாவுக்கு,

அப்பா எழுதுவது. போன மாதம் எதிர்வீட்டு பக்தவச்சலத்தின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுக்கிறார். "நல்லா இருக்கோம் மாமா, அவ கை வேலையா இருக்கா" என்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆகவே கடிதம். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. மின்சார ரயிலில் ஏறினால் வந்துவிடும் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுவது எனக்கே விசித்திரமாகத்தான் இருக்கிறது.

நேற்று பக்தவச்சலம் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏண்ணா, தீபா மறுபடியும் முழுகாம இருக்காளாமே? கூடுவாஞ்சேரி மார்க்கெட்ல பார்த்தவங்க சொன்னாங்க" என்றாள். காபியைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. பெற்ற அப்பனுக்குத் தெரியாத செய்தி மார்க்கெட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்து இருக்கிறது, தீபா. ஐந்து! நீ கணக்கில் பட்டம் வாங்கியவள். ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். மாப்பிள்ளை பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற மனிதர், யோக்கியமானவர். இருவரில் ஒருவருக்காவது போதும் என்று தோன்றவில்லையா?

நான் முப்பது வருஷம் குடும்பநலத் துறையில் வேலை பார்த்தவன். பெயின்டர் வராத ஊர்களில் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தை நானே வரைந்திருக்கிறேன். என்னோடு அதே துறையில் இருந்த பக்தவச்சலம் நேற்று சிரித்துக்கொண்டே என்ன சொன்னான் தெரியுமா? "வாத்தியார் புள்ள மக்குன்னு சொல்லுவாங்க. நம்ம ஆளு பொண்ணுக்கு ஆறு!" அவன் மனைவி உள்ளே போய்ச் சிரித்தாள். எனக்குக் கேட்டது.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அதைப் படிக்க முயற்சி செய்யாதே.

உடம்பு எப்படி இருக்கிறது? பதில் போடு.

அப்பா

---

கூடுவாஞ்சேரி
17 ஜூன் 2024

அப்பாவுக்கு,

அடித்த வரியைப் படித்துவிட்டேன். நீங்கள் பேனாவை அழுத்தி எழுதுகிறவர், தாளைத் திருப்பிப் பிடித்தால் போதும். "முன்பே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்." எனக்கு முன்பே தெரியும் அப்பா. எனக்கும் ஆல்வினுக்கும் தெரிந்து, பேசி, வேண்டும் என்று சொல்லித்தான் இது வந்திருக்கிறது. தவறி வந்ததில்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. தவறி வந்தது என்றால்கூடப் பாவம் என்று விட்டுவிடுவார்கள். வேண்டும் என்று பெற்றுக்கொண்டேன் என்றால்தான் மன்னிக்கமாட்டார்கள்.

ஒன்று பெற்றால் இன்னொன்று எப்போது என்கிறார்கள். இரண்டு பெற்றால் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூன்றாவதிலிருந்து சிரிப்பு ஆரம்பம். போன வாரம் தயாளனை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனேன். ஆபீசில் இருந்தவர் உடன்பிறந்தவர்கள் பெயரைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், இதுக்கு எக்ஸ்ட்ரா பேப்பர் வாங்கணும்" என்று பக்கத்து மேஜையைப் பார்த்துச் சிரித்தார். முகிலன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வயசு. அவனுக்கு எல்லாம் புரியும். செக்கப்புக்குப் போன இடத்தில், ரத்தம் எடுக்க வந்த பெண், "வூட்ல டிவி இல்லியாம்மா?" என்றாள். வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்க வீட்டுக்காரர் கிறிஸ்டியனாமே, அதானா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆல்வினுடைய சொந்த அண்ணனுக்கு ஒரே பெண். அதற்கு மதம் காரணமா என்று யாரும் கேட்டதில்லை.

ஊர் சிரித்தால் எனக்குப் பழக்கம்தான். போனை எடுக்காதது அதற்காக இல்லை.

அறுபதாம் கல்யாண மண்டபத்தில் உங்கள் பழைய மேலதிகாரி கஸ்தூரிரங்கன் சார் வந்திருந்தார். "வேதாசலம், பேரப்பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டார். நீங்கள் "ரெண்டு சார்" என்றீர்கள். அப்போது என் மூன்றாவது, தமிழினி, உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தாத்தா வெயிலில் வந்தாரே என்று தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தாள்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது கேட்டாள். "அம்மா, தாத்தாவுக்கு ரெண்டு பேர்தான்னா அது யாரு யாரு?" தேவதர்ஷினிதான், ஆறு வயசு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் தம்பியும் சின்னவங்க. எங்களை எண்ணியிருக்க மாட்டாரு" என்றாள். அனுப்பிரியா, "பேசாம வாங்கடி" என்று அதட்டினாள். ஆல்வின் முகத்தை ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கும் வரைக்கும் திருப்பவில்லை.

நீங்கள் வர வேண்டாம் அப்பா. என் பிள்ளைகளை எண்ணத் தெரிந்தவர்கள் மட்டும் இப்போதைக்கு வந்தால் போதும்.

உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் சுகர் மாத்திரையை விடாதீர்கள்.

தீபா

---

அஸ்தினாபுரம்
2 ஜூலை 2024

தீபாவுக்கு,

பதில் எழுத உட்கார்ந்து நான்கு தாள் கிழித்தாயிற்று. தமிழினி பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அது இன்னும் மோசமாக இருந்தது.

நான் வெட்கப்படுகிறேன் என்று நீ நினைக்கிறாய். வெட்கம் உண்டு. இல்லை என்று உன்னிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது. உன் அம்மாவைத் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை. அவளும் போய்விட்டாள், இனி உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு உத்திரமேரூர்ப் பக்கம் வேலை. அங்கே கிளியம்மாள் என்று ஒருத்தி. ஏழு பிள்ளைகள். நான் சைக்கிளில் ஊருக்குள் நுழைந்தால் பெண்கள் கதவைச் சாத்துவார்கள். இவள் மட்டும் ஒருநாள் ஏரிக்கரை வரைக்கும் என் பின்னாலேயே வந்தாள். "சார், எனக்கு எதுனா பண்ணி வுடுங்க சார். ஒடம்புல தெம்பே இல்ல" என்றாள். எனக்குச் சந்தோஷம். என்னைத் தேடி வந்த முதல் ஆள் அவள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் தசரதன் வாசலிலேயே நிறுத்தினான். "எம் பொண்டாட்டிகிட்ட உனக்கு இன்னாய்யா பேச்சு?" என்று கழியை எடுத்தான். திரும்பி வந்துவிட்டேன். மூன்று முறை போனேன், மூன்று முறையும் திரும்பி வந்தேன்.

எட்டாவது பிரசவத்தில் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உச்சி வெயில். வண்டியோடு நானும் ஓடினேன். பாதி வழியில் வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டு இறங்கித் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். திரும்பிப் பார்த்தேன். அந்த ஏழு பிள்ளைகளும் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டில் வரிசையாக நின்றார்கள். பெரியது ஒன்று, "எங்கம்மா தூங்குதா சார்?" என்றது.

பெரிய குடும்பம் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த வரிசைதான். உன் அம்மா உன்னைப் பெற்ற பாட்டைப் பார்த்த பிறகு, நானே போய் ஆபரேஷன் பண்ணிக்கொண்டேன். எங்கள் ஆபீசில் பண்ணிக்கொண்ட முதல் ஆண்பிள்ளை நான்தான். அதையும் சொல்லிச் சிரித்தார்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உன் ஐந்து பேரையும் நான் எண்ணாமல் இல்லை, தீபா. ஒவ்வொரு முறையும் எண்ணி, ஒவ்வொரு முறையும் பயந்தேன்.

நல்ல டாக்டராகப் பார்.

அப்பா

---

கூடுவாஞ்சேரி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கிளியம்மாளைப் பற்றி எழுதியிருந்ததை ஆல்வினுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய்க் குடோனில் அண்டாக்களை அடுக்கினார். அடுக்கிய அண்டாக்களையே மறுபடி அடுக்கினார். எனக்கும் உடனே எழுத வரவில்லை.

அந்த ஊரில் கதவைத் தட்டிக்கொண்டு போனீர்களே, அது பெரிய வேலை அப்பா. நான் அதைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. "வேண்டாம்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வழி வேண்டும் என்றுதானே கழியடிக்குத் துணிந்து போனீர்கள்? கிளியம்மாளுக்கு அது கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. கையில் அது இருந்தும் நான் "வேண்டும்" என்று சொல்கிறேன். இரண்டும் ஒரே கதவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம்.

ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்களுக்கு மட்டும் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்து முறை பார்த்துவிட்டேன், ஐந்து முறையும் நம்ப முடியவில்லை. ஒரு நிமிஷம் முன்பு வரை உலகத்தில் எங்கேயுமே இல்லாத ஓர் ஆள், அடுத்த நிமிஷம் கையில் கிடந்து முகத்தைச் சுளிக்கிறது. அது யாரைப் போலவும் இல்லை. அனுப்பிரியா பிறந்ததும் என்னை முறைத்தாள். முகிலன் தும்மினான். தயாளன் ஏதோ வேலையாக வந்தவன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தான். பழகிப்போகும் என்றார்கள். பழகவே இல்லை அப்பா. கோயில் கர்ப்பக்கிருகத்தில் திரை விலகும்போது எட்டி எட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

கஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். அனுப்பிரியாவுக்குப் பதினாலு வயசு, தனி அறை கேட்கிறாள், எங்கே போவேன்? காலையில் குளியலறை வாசலில் தினமும் சண்டை. ஆல்வினுக்கு முகூர்த்த நாளென்றால் எனக்கு இரண்டு கை போதாது. சில நாள் எல்லோரையும் விட்டுவிட்டு வண்டலூர் வரைக்கும் தனியாக நடந்துபோய் வரலாம் போலிருக்கும்.

ஆறாவதுக்கு யார் வளைகாப்பு போடுவார்கள்? பக்கத்து வீட்டு சாமுண்டீஸ்வரி அக்கா, தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கிறாளே, அவள் கண்ணாடி வளையலோடு வந்து நின்றாள். "எதுக்குக்கா இதெல்லாம், ஆறாவதுக்கு?" என்றேன். "ஊரு ஆயிரம் பேசிகினு கீது, நீயும் அதையே பேசறியா? ஆறாவதுன்னு உனக்குத்தான் தெரியும். அதுக்கு இன்னா தெரியும்? அதுக்கு இதான் மொத தபா" என்றாள். இரண்டு கையிலும் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். முன்னால் இரண்டு சிசேரியன் ஆனதால் கவனமாக இருக்க வேண்டுமாம். பயப்படாதீர்கள் என்று எழுதினால் நீங்கள் கேட்கப்போவதில்லை. அதனால் எழுதவில்லை.

வாருங்கள் என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. தமிழினியைக் கேட்டேன். "வந்தா வரட்டும், நான் பேச மாட்டேன்" என்கிறாள்.

தீபா

---

கூடுவாஞ்சேரி
20 அக்டோபர் 2024

தீபாவுக்கு,

இதை உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இருக்கும் ஐ.சி.யூ.வில் போன் கூடாதாம். மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன், முடிந்தபோது படி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை போன் பண்ணினார். "மாமா, ஆஸ்பத்திரியில இருக்கேன். குழந்தையை முன்னாடியே எடுத்துட்டாங்க. ரத்தம் நிக்கல. பசங்க வீட்ல தனியா இருக்காங்க" என்றார். அவர் வா என்று சொல்லவில்லை. நானும் வரலாமா என்று கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயிலில் உட்கார முடியவில்லை. கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் முன்னால் ரோட்டில் அந்த ஏழு பேர்தான் நின்றார்கள். உன் வாசலிலும் ஐந்து பேர் அப்படி நிற்பார்கள், அவர்களிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் யாரும் இல்லை. உள்ளே முகிலன் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தான். அனுப்பிரியா தேவதர்ஷினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தயாளன் ஸ்டூல்மேல் ஏறி நின்று எல்லோருக்கும் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகிலன், "தாத்தா, கை கழுவிட்டு வாங்க" என்றான். தயாளன் இன்னொரு தட்டு எடுத்தான். ஆறுதல் சொல்ல வந்தவன் நான். சாப்பாடு போட்டு உட்காரவைத்தவர்கள் அவர்கள்.

அன்று மத்தியானம் அனுப்பிரியாவைக் காணோம். தேடிக்கொண்டு குடோனுக்குப் போனேன். அண்டாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நிற்கும்போதே முகிலன் என்னைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு தமிழினி. பிறகு தேவதர்ஷினி தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் அழுது முடிக்கும் வரை மற்றவர்கள் அழவில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டதும் முகிலன் ஆரம்பித்தான். இப்போது அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எழுபத்தொரு வயசில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன்.

இன்று ஐவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன்னைப் பார்க்க விடமாட்டார்கள் என்று தெரியும், கட்டடத்தையாவது பார்க்கிறோம் என்றார்கள். கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறினோம். எதிர்ச் சீட்டில் ஒருவன், கூட நான்கு பேர். "இன்னா பெர்சு, எல்லாம் உன் வூட்டு உருப்படியா? கவர்மென்டு எவ்ளோ சொல்லுச்சு, காதுல வாங்கலியா?" என்றான். பெட்டி முழுக்கச் சிரித்தது. ஒரு அம்மாள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளைகள் ஐவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில். எத்தனை முறை கேட்டிருந்தால் அப்படித் திரும்பப் பழகியிருக்கும்!

"அந்த கவர்மென்டே நான்தான்யா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. "முப்பது வருஷம் ஊர் ஊராப் போய்ச் சொன்னவன் நான். இவங்க அஞ்சு பேரும் என் பேரப்பிள்ளைங்க. ஆறாவது ஆஸ்பத்திரியில இருக்கு, அதைப் பார்க்கத்தான் போறோம்" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

தமிழினி நான் வந்ததிலிருந்து என்னிடம் பேசவில்லை. இறங்கும்போது கூட்டம். "தாத்தா, என் பையைப் பிடிச்சிக்கோங்க. தம்பியைத் தூக்கணும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். பை என் தோளில் இன்னும் கனக்கிற மாதிரி இருக்கிறது.

குழந்தையைக் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

அப்பா

---

ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி
26 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பா,

எழுத்து கோணலாக இருக்கும். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, தையல் போட்ட இடத்தில் சீழ்.

ஆல்வின் சொல்லியிருப்பார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் நான் இல்லை. டாக்டர் நல்ல மனுஷி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு. "நல்லதாப் போச்சும்மா." துடைக்க வரும் ஆயா, பக்கத்துப் படுக்கைக்காரியின் மாமியார், போனில் பக்தவச்சலம் மாமா சம்சாரம். "இனிமே தொல்லை இல்ல, நல்லதாப் போச்சு." எனக்கு உள்ளே என்ன போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு பெற்றவளுக்கு அழ உரிமை இல்லையாம்.

நீங்கள் சொன்ன பயம்தான் நடந்தது. நீங்கள் போன கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். இதையும் எழுதிவிடாதீர்கள் அப்பா, நல்லதாப் போச்சு என்று.

இப்போது ஒரு காரியம். குழந்தை ஒன்றரைக் கிலோகூட இல்லை. கீழே பச்சைக் குழந்தைகள் பிரிவில் கீதா என்று ஒரு சிஸ்டர். அவர் மேலே வந்து சொன்னார். கண்ணாடிப் பெட்டிச் சூட்டைவிட ஆள் சூடு நல்லதாம். கங்காரு மாதிரி, நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தாய்தான் என்று இல்லை, வீட்டில் தொற்றுநோய் எதுவும் இல்லாத பெரியவர் யாராக இருந்தாலும் சரி. எனக்குக் காய்ச்சல். ஆல்வின் இரண்டு நாள் உட்கார்ந்தார், இப்போது அவருக்கு இருமல், உள்ளே விடமாட்டார்கள். சாமுண்டீஸ்வரி அக்கா கடையை மூடிவிட்டு மதியத்துக்கு மேல் வருகிறாள். காலையில் ஆள் இல்லை.

சட்டையைக் கழற்ற வேண்டும் அப்பா. வீட்டில் கரண்ட் போனால்கூடப் பனியனைக் கழற்றாத ஆள் நீங்கள், தெரியும்.

வருவீர்களா என்று கேட்கவில்லை. வாருங்கள்.

தீபா

---

ஆஸ்பத்திரி, முதல் மாடி
3 நவம்பர் 2024

அன்புள்ள தீபாவுக்கு,

உன் வார்டுக்குள் ஆண்களை விடுவதில்லை. அதனால் ஒரே கட்டடத்துக்குள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். சாமுண்டீஸ்வரி மேலே கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறாள். "இன்னா பெர்சு, லவ் லெட்டரா?" என்கிறாள். அவளுக்கு என்னைப் பார்த்தால் பயமே இல்லை.

முதலில் நீ எழுதாதே என்று சொன்னதைப் பற்றி. நல்லதாகப் போயிற்று என்று எழுதமாட்டேன். அப்படி ஒரு நினைப்பே எனக்கு வரவில்லை என்று பொய்யும் எழுதமாட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய், அது நல்லது. அது மட்டும்தான் நல்லது. மற்றது இழப்பு. அழ வேண்டும் என்றால் அழு, ஆறு பெற்றவள் ஆனால் என்ன? யாராவது ஏதாவது சொன்னால் அப்பா கீழேதான் இருக்கிறார் என்று சொல்.

இப்போது அவளைப் பற்றி.

முதல் நாள் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்து, முன்பக்கம் திறந்திருக்கும்படி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சாய்வு நாற்காலிகளில் என்னைத் தவிர எல்லோரும் பெண்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, கூரையைப் பார்த்தேன். கீதா சிஸ்டர் அவளைக் கொண்டுவந்தார். "என்ன தாத்தா, வேர்க்குது? ரெடியா?" என்றார். நான் ரெடி என்றா சொன்னேன், தெரியாது.

நெஞ்சில் வைத்தார். கனமே இல்லை, தீபா. ஒரு வெற்றிலைக் கட்டு அவ்வளவுதான் இருக்கும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சூடு தெரிந்தது. அதன் பிறகு, என் நெஞ்செலும்புக்கு மேலே, என்னுடையது இல்லாத ஒரு துடிப்பு. என்னுடையதைவிட இரண்டு மடங்கு வேகம். துணியைச் சுற்றிக் கட்டினார்கள். எந்தப் பக்கமும் அசையாமல் உட்கார்ந்தேன். மூச்சு விட்டால் அவளுக்கு வலிக்குமோ என்று மெல்ல விட்டேன். சிஸ்டர் வந்து, "தாத்தா, நல்லா மூச்சு விடுங்க. அவ அதைக் கேட்டுத்தான் விடுவா" என்றார்.

ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நேற்று முன்தினம் பார்த்தேன். இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைகள் சில சமயம் மூச்சு விட மறந்துவிடுமாம். எனக்கு அது தெரியாது. என்மேல் படுத்திருந்தவள் திடீரென்று அசையாமல் போனாள். முதுகில் வைத்திருந்த என் கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. பக்கத்து மெஷின் கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடி வருகிறார். செய்ய எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூச்சை இழுத்தேன். நெஞ்சு மேலே போகும்போது அவளும் மேலே போனாள். விட்டேன். மறுபடி இழுத்தேன். சிஸ்டர் அவள் உள்ளங்காலைத் தடவினார். மூன்றாவது மூச்சில், என் நெஞ்சு ஏறும்போதே அவள் முதுகு தானாக ஏறியது. அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

மெஷின் நின்றது. "அவ்ளோதான் தாத்தா, ஒண்ணுமில்ல. இது இங்க சகஜம்" என்று சிஸ்டர் சிரித்தார். நான் இன்னும் மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தேன்.

எத்தனை ஊரில் எத்தனை திண்ணையில் உட்கார்ந்து பிறப்பு விகிதம் பேசியிருக்கிறேன். அதில் எதையும் நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. இன்றைக்கும் ஒரு கிளியம்மாள் என் பின்னால் வந்தால் அவள் வீட்டு வாசலுக்கு நான்காவது முறையும் போவேன். ஆனால் பிறப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உன்னைக்கூடத் தொட்டிலில் போட்ட பிறகுதான் பார்த்தேன், தூக்கத் தெரியாது என்று உன் அம்மா தரமாட்டாள். எங்கிருந்தோ வந்த ஓர் ஆள், வந்த வழியே போய்விடலாமா என்று வாசலில் நின்று யோசிக்கிறது. நம் மூச்சைக் கேட்கிறது. சரி, இருக்கலாம் என்று முடிவு பண்ணுகிறது. இதை நீ ஐந்து முறை பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். நான் ஒருமுறைதான் பார்த்தேன், நாற்காலியில் இருந்ததால் தப்பித்தேன்.

இன்று காலை அவளுக்குக் கொஞ்சம் எடை ஏறியிருக்கிறது. பக்கத்து நாற்காலிப் பெண் ஒருத்தி, சின்ன வயசு, முதல் குழந்தை, என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்க பாடுவீங்களா? அது தூங்கவே மாட்டேங்குது" என்றாள். எனக்குப் பாட்டு வராது. தெரிந்ததைச் சொன்னேன். குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று மெதுவாக ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் குழந்தை தூங்கிவிட்டது.

நம்முடையவள் தூங்கவில்லை. மதியம் சாமுண்டீஸ்வரி வந்ததும் கீதா சிஸ்டர் துணியை அவிழ்த்து, "போதும் தாத்தா, முதுகு வலிக்கும், ஆள் மாத்தலாம்" என்று குழந்தையைத் தூக்கப் போனார். வரவில்லை. பார்த்தால், என் நெஞ்சில் இருந்த நரைமயிர் நாலைந்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அந்த விரல்கள் அரிசி அளவுதான் இருக்கும். நல்ல வலி. சிஸ்டர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"பிரிக்காதீங்க சிஸ்டர்" என்றேன். "அவளே விடட்டும்."

அப்பா